ஸ்ருட்கார்ட் கோபுரம் கொக்குவிலுக்கு வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஒழுங்கையின் முடிவில், கோயிலுக்குப் பின்னால் உள்ள இரண்டு பரப்புக் காணியில் 50 மீற்றர் உயர இரும்புக் கோபுரம் எழுப்ப ஒரு கைத்தொலைபேசி நிறுவனம் கேட்டிருக்கிறது. சனசமூக நிலையத்தில் இரண்டு கூட்டங்கள் நடந்துவிட்டன. இரும்பு துருப்பிடித்து விழும், கதிர்வீச்சு வரும் என்று பாதிப்பேர் எதிர்க்கிறார்கள். ஸ்ருட்கார்ட்டில் இருக்கும் என் பெறாமகன் அந்த நகரக் கொங்கிரீட் கோபுரத்தின் படத்தை அனுப்பி, "இப்படி ஒன்றை யாழ்ப்பாணத்துக்கென்றே வடிவமைத்துக் கட்டலாம், பெரியம்மா. காசை நாங்கள் சேர்க்கிறோம். எல்லா நிறுவனங்களும் அதில் வாடகைக்கு இருக்கட்டும். மேலே நின்று ஊரையும் பார்க்கலாம்" என்கிறான். கொங்கிரீட் என்றால் கதிர்வீச்சும் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் நிலம் இதைத் தாங்குமா? நாங்கள் எதைக் கேட்பது, எதை மறுப்பது?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

அன்புள்ள ரீச்சருக்கு,

உங்கள் பெறாமகன் அனுப்பிய படத்திலிருக்கும் கோபுரத்தில் நானும் ஒருமுறை ஏறியிருக்கிறேன். நல்ல காற்று நாள். மேலே ஒரு கோப்பியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, குடிக்காமல் அதன் மேற்பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் வட்டமாக ஒரு மெல்லிய நடுக்கம், அவ்வளவுதான். கோப்பியில் ஏதோ குறை என்று நினைத்த பணிப்பெண் வேறொன்று கொண்டுவந்து வைத்தாள். கட்டமைப்புப் பொறியியலாளர்களோடு ஊர் பார்க்கப் போவதில் இருக்கும் தொல்லை இது.

ஆகவே அவருடைய ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது. இருந்தாலும் அந்தக் கோபுரம் கொக்குவிலுக்கு வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். உங்கள் கூட்டத்தில் இரும்பா கொங்கிரீட்டா என்று நடக்கும் சண்டையையும் கொஞ்சம் ஒத்திவைக்கச் சொல்வேன். சண்டை பிடிக்க வேண்டிய இடம் கோபுரத்துக்குக் கீழே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஸ்ருட்கார்ட். 1950களின் தொடக்கத்தில் அந்த நகரத்து ஒலிபரப்பு நிறுவனம், ஏறத்தாழ 200 மீற்றர் உயரமான இரும்புக் கம்பம் ஒன்றை வடங்களால் இழுத்துக் கட்டி நிறுத்தத்தான் நினைத்தது. பாலங்கள் கட்டிப் பெயர் பெற்றிருந்த பிரிட்ஸ் லெயோன்ஹார்ட் என்ற பொறியியலாளர் குறுக்கிட்டு, உள்ளே கூடான கொங்கிரீட் தண்டு ஒன்றை எழுப்பி, அதன் தலையில் உணவகமும் பார்வைத் தளமும் வைக்கலாம் என்றார். 1956 பெப்ரவரியில் திறந்தார்கள். அன்ரனாவின் நுனிவரை 216 மீற்றர். அடியில் 10.8 மீற்றர் விட்டம், மேலே போகப் போக ஒடுங்கி 5 மீற்றர் அளவு. செலவழித்த பணம் நுழைவுச்சீட்டு விற்பனையிலேயே ஐந்தாண்டளவில் திரும்பிவிட்டது. உங்கள் பெறாமகன் மயங்கியது இந்தக் கடைசி வசனத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அதைப் பார்த்து உலகம் முழுவதும் கட்டினார்கள். அப்போது தொலைபேசியையும் நடத்திவந்த மேற்கு ஜேர்மன் அஞ்சல் துறை, சிறிய ஊர்களுக்கு ஒரே மாதிரி வரைபடத்தில் கோபுரங்களை வரிசையாகக் கட்டிக்கொண்டு போனது. பெரிய நகரங்களுக்கு மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனியாக வடிவமைத்தது. ஹம்பேர்க்கில் 1968இல் எழுந்தது இப்போது 279 மீற்றர், பிராங்பேர்ட்டில் 1979இல் எழுந்தது இப்போது 337 மீற்றர். நகரத்தின் முகத்தில் நிற்கப்போகும் பொருள் என்பதால் அழகும் பார்த்தார்கள். ஆனால் அழகுக்காக யாரும் அவ்வளவு சீமெந்தைக் கொட்டவில்லை.

அந்தக் காலத்தில் நகரத்துக்கு நகரம் தொலைபேசி உரையாடல்கள் நுண்ணலைக் கற்றைகளில் போயின. கற்றையை அனுப்பும் பெரிய கிண்ண அன்ரனாவின் பார்வை மிகக் குறுகியது, ஒரு பாகை சொச்சம். யாழ் நகரில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பருத்தித்துறையைக் குறிபார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டில் 29 கிலோமீற்றர். இங்கே கிண்ணம் ஒரு பாகை திரும்பினால் அங்கே கற்றை அரைக் கிலோமீற்றர் தள்ளிப் போய்விழும். அதாவது கோபுரம் பனை மாதிரி ஆடக்கூடாது. புயலிலும் முறுகாமல், கிண்ணம் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொங்கிரீட் தண்டின் விறைப்பும் பாரமும் அதற்கு வாய்ப்பானவை. இன்னொன்று, அன்ரனாவுக்கும் கருவிக்கும் இடையில் அலையைக் கொண்டுபோகும் குழாயில் ஒவ்வொரு மீற்றரிலும் சக்தி வீணாகும். ஆகவே கருவிகளையும் மேலே கொண்டுபோய் வைக்க மாடி மாடியாக அறைகள் வேண்டியிருந்தன. இரும்புச் சட்டத்தில் அப்படி அறை கட்டுவது சிரமம்.

இந்தத் தேவை பிறகு ஒளியிழை வடம் வந்ததும் பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே போய்விட்டது. பிராங்பேர்ட் கோபுரத்தின் மேல்தளம் 1999இலும் ஹம்பேர்க்கினது 2001இலும் மக்களுக்கு மூடப்பட்டன. ஸ்ருட்கார்ட்டையே 2013இல் தீப்பாதுகாப்புக் குறைபாட்டுக்காக மூடி, 2016 ஜனவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். தீயைப் பற்றிச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். மொஸ்கோவின் 540 மீற்றர் ஒஸ்ரான்கினோ கோபுரம் 2000 ஓகஸ்டில் எரிந்தபோது, கொங்கிரீட்டை இறுக்கிப் பிடித்திருந்த எஃகு வடங்கள் பல வெப்பத்தில் அறுந்தன. ஒரேயொரு குறுகிய தண்டு வழியாக மட்டும் இறங்கக்கூடிய கட்டடத்தில் மக்களை ஏற்றுவதென்றால், அது கோபுரம் கட்டுவதோடு முடிகிற வேலை அல்ல. மின்தூக்கி, புகை நுழையாதபடி காற்றழுத்தம் கொடுத்த படிக்கட்டு, இரவு பகலாகக் காவல் எல்லாம் வேண்டும்.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கொழும்புத் தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர். 2012இல் வேலை தொடங்கி, 2019 செப்டம்பரில் விழா எடுத்துத் திறந்து, 2022 செப்டம்பரில்தான் மக்களை உள்ளே விட்டார்கள். செலவு 10 கோடி அமெரிக்க டொலருக்கு மேல். வெளிநாட்டுப் பிள்ளைகளின் தாராளத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கோயில் இராசகோபுரத்துக்குச் சேர்க்கும் காசு வேறு, இது வேறு.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று, எல்லா நிறுவனங்களையும் ஒரே உயர்ந்த கோபுரத்தில் ஏற்றிவிடலாம் என்ற யோசனை தொலைக்காட்சிக்குப் பொருந்தும், கைத்தொலைபேசிக்குப் பொருந்தாது. உயரத்தால் கிடைப்பது தூரம். கணக்கு எளிது: உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலி அலை தொடுவானம்வரை எத்தனை கிலோமீற்றர் போகும் என்று வரும். ராமேஸ்வரத்தில் 323 மீற்றரில் ஒரு கொங்கிரீட் தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது. அதற்கு 74 கிலோமீற்றர். யாழ்ப்பாணமோ நேர்க்கோட்டில் 88 கிலோமீற்றர். மிச்சம் 14 கிலோமீற்றரை ஈடுகட்ட நம்முடைய அன்ரனாவையும் 12 மீற்றர் தூக்கிப் பிடிக்க வேண்டும். பழைய வீடுகளின் முற்றத்தில் நீண்ட குழாய்கள் நின்றதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான், அதை நிறுத்தியவர்கள் கணக்குப் போட்டார்களோ இல்லையோ.

ஆனால் கைத்தொலைபேசியில் தூரம் குறைவாக இருப்பது நல்லது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரே கோபுரம் குடாநாடு முழுவதற்கும் என்றால், திருவிழாவன்று நல்லூர் வீதியில் நிற்பவர்கள் அத்தனை பேரும் சாவகச்சேரிக்காரரோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டிவரும். அதனால்தான் நகரங்களில் தாழ்வான கோபுரங்களை நெருக்கமாக வைக்கிறார்கள். ஒலிபரப்புக்கான உயரம் வடக்குக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. போரில் அழிந்த வன்னிக் கொக்காவில் ஒலிபரப்பு நிலையத்தில் 2011இல் 170 மீற்றரைத் தாண்டிய கோபுரம் எழுந்தது. கொக்காவிலிலேயே அது இரும்புச் சட்டகம்தான். கொக்குவிலுக்கு அதைவிடப் பெரிது எதற்கு?

சரி, துருவுக்கு வருவோம். இரும்பு துருப்பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் கொங்கிரீட்டுக்குள்ளே இருப்பதும் இரும்புதானே! வலிகாமம் வடக்கில், கடலுக்குக் கிட்ட ஒரு நீர்த்தாங்கியைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். தூணில் மயிரிழை அளவு வெடிப்பு ஒன்று, பூசி நிறம் அடித்திருந்தார்கள். சுத்தியலால் தட்டிக்கொண்டு போனேன். நல்ல இடத்தில் 'டக்' என்று கேட்டது, வெடிப்பைச் சுற்றி வெறும் பானையைத் தட்டியது போலக் கேட்டது. இரண்டாம் தட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கொங்கிரீட் கழன்று காலடியில் விழுந்தது. உள்ளே 16 மில்லிமீற்றர் கம்பி பென்சில் தடிப்புக்கு மெலிந்து, அடுக்கடுக்காகக் கறுத்துப் போயிருந்தது. விழுந்த துண்டில் நான் கண்டது சிப்பி ஓட்டுத் துணுக்குகள். கடல் மணலைக் கழுவாமல் குழைத்திருக்கிறார்கள். துரு தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். அந்தத் தள்ளில்தான் கொங்கிரீட் பிளக்கிறது. வெளியே தெரியும்போது காரியம் பாதி முடிந்துவிட்டிருக்கும்.

இரும்புச் சட்டகம் இந்த விடயத்தில் ஒளிவுமறைவில்லாதது. உருகிய துத்தநாகத்தில் தோய்த்து எடுத்த தடித்த உறுப்பில் 85 மைக்ரோன் அளவு பூச்சு இருக்கும். பூச்சு எங்கே போயிற்று என்று கண்ணால் பார்க்கலாம், ஆணி கெட்டால் ஆணியை மாற்றலாம், ஒரு குறுக்குச் சட்டம் கெட்டால் அதை மட்டும் கழற்றலாம். காற்றும் அதன் ஊடாகப் போய்விடும். நான் பார்த்த கோபுரங்களில் கவனிக்காமல் விட்ட இடம் பெரும்பாலும் ஒன்றே: கால்கள் அடித்தளத்தில் பதியும் நங்கூர ஆணிகள். அங்கே மழைத்தண்ணீர் தேங்கும், சருகு மூடும், ஆடு படுக்கும். மேலே சிவப்பும் வெள்ளையும் பளபளக்கும், கீழே ஆணி உதிரும்.

நடுவழி ஒன்றும் உண்டு. அச்சுக்குள் சுழற்றி வார்த்த, உள்ளே கூடான கொங்கிரீட் கம்பங்களை ஜேர்மனியில் கைத்தொலைபேசிக்கு நிறையப் பயன்படுத்துகிறார்கள். 30, 40 மீற்றர் வரை பார்க்கலாம். தொழிற்சாலையில் வார்ப்பதால் கொங்கிரீட் அடர்த்தியாக இருக்கும். சட்டகத்தைவிட ஒல்லியாக இருப்பதால் கண்ணையும் உறுத்தாது. கோயில் பக்கமென்பதால் எனக்கும் அதில் விருப்பம்தான். ஆனால் 12 மீற்றர் துண்டு ஒன்றை ஏற்றிய லொறி உங்கள் ஒழுங்கையின் முடக்கில் திரும்புமா? இரண்டு வீட்டு மதில்களை இடிக்க யார் சம்மதிப்பார்கள்? இதைக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

இனி நிலம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், மற்ற எவரும் கேட்காத கேள்வியும் இதுதான்.

நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மேலே செம்மண், சில இடங்களில் மண்வெட்டி ஆழம்கூட இல்லை, அதற்குக் கீழே கல். கல் என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் இந்தக் கல் மழைத்தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைகிற கல். உள்ளே குகைகளும் பொந்துகளும் வாய்க்கால்களும் இருக்கின்றன. நிலாவரைக் கிணற்றையும் கீரிமலை ஊற்றையும் தந்தது அந்தக் கரைசல்தான். நாம் குடிக்கும் நன்னீர் அந்தப் பொந்துகளில்தான், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது.

ஒரு கோபுர வேலைக்காக, நிலத்தைச் சோதிக்கத் துளையிடுவதை நான் பார்க்கப் போன இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் மூன்று மீற்றர் நல்ல கல். இயந்திரம் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. துளைத் தண்டைப் பிடித்திருந்தவர் வெற்றிலையைத் துப்பத் திரும்பினார். தண்டு அவர் கையிலிருந்து வழுகி, தடாலென்று ஒரு மீற்றருக்கு மேல் தானாகவே கீழே போயிற்று. துளைக்குள் ஊற்ற ஊற்ற மேலே கொப்பளித்து வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது. பவுசரில் இருந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றினோம், ஒரு சொட்டும் திரும்பவில்லை. பின்னேரம் பக்கத்து வளவிலிருந்து ஓர் அம்மா வாளியோடு வந்தார். அவருடைய கிணற்றுத் தண்ணீர் பால் போல வெளுத்திருந்தது. நாங்கள் ஊற்றியது எங்கே போனது என்பதற்கு அதைவிட நல்ல ஆய்வறிக்கை கிடைக்காது. நான்கு கால்களில் மூன்று கல்லின் மேல், ஒன்று வெற்றிடத்துக்கு மேல். காணியில் ஆறு மீற்றர் தள்ளி வேறு இடம் பார்த்தோம். துளையிடாமல் அங்கேயே கட்டியிருந்தால்? உடனே ஒன்றும் ஆகியிராது என்பதுதான் பயங்கரம்.

ஸ்ருட்கார்ட் கோபுரம் ஏறத்தாழ 4,500 தொன். அதில் மூன்றிலொரு பங்கு நிலத்துக்குள் இருக்கும் 27 மீற்றர் விட்ட அடித்தளம். அதன் ஒரு பக்கம் 1 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் உச்சி 8 சென்ரிமீற்றர் சாயும். உங்கள் 50 மீற்றர் கோபுரம் இலேசானது, ஆனால் கால்களுக்கு இடையில் 5 மீற்றர்தான் என்றால், அதே 1 சென்ரிமீற்றர் உச்சியில் 10 சென்ரிமீற்றர் ஆகும். தவிரவும் இலேசான கோபுரத்தில் காற்றடிக்கும்போது ஒரு பக்கக் கால் நிலத்தை அமுக்கும், எதிர்ப்பக்கக் கால் நிலத்திலிருந்து பிடுங்கப் பார்க்கும். பிடுங்கும் கால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் கேள்வி.

காற்று நமக்குப் புதிதல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் வடக்கைக் கடந்துதான் போனது. மட்டக்களப்பைச் சிதைத்த 1978 சூறாவளிக்குப் பிறகு, 1980இல் நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து வடிவமைப்புக் கையேடு வெளியிட்டார்கள். சாதாரணக் கட்டடத்துக்கு மூன்றாம் வலயத்தில் விநாடிக்கு 33 மீற்றர், முதலாம் வலயத்தில் 49 மீற்றர். வேகம் ஒன்றரை மடங்கு, ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் தள்ளு இரண்டு மடங்குக்கும் மேல். புயலுக்குப் பிறகும் வேலை செய்ய வேண்டிய கட்டுமானங்களுக்கு இதைவிடக் கூடிய வேகம் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தொலைத்தொடர்புக் கோபுரம் அந்தப் பட்டியலில் வர வேண்டியது. தென்பகுதிக்கு வரைந்த படத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். படத்தின் மூலையில் காற்று வேகம் எழுதப்பட்டிருக்கும். அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை, மூக்குக்கண்ணாடி போதும்.

கதிர்வீச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் 2019இல் யாழ் நகரத்தில் அன்ரனா பொருத்திய விளக்குக் கம்பங்களைச் சுற்றி எழுந்த சர்ச்சையிலேயே என் தொண்டை வற்றிவிட்டது. கொங்கிரீட் கோபுரத்தால் கதிர்வீச்சு குறையாது. அன்ரனா வெளியில்தான் தொங்கும், வெளியில் தொங்கினால்தான் வேலை செய்யும். அது அலையை ஏறத்தாழக் கிடையாக வீசுகிறது. விளக்கின் அடியில் இருட்டு என்பார்களே, அதே கதை. 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்குச் சர்வதேச வழிகாட்டி வரம்பு சதுர மீற்றருக்கு 4.5 வாட். தூரம் இரட்டித்தால் செறிவு கால் பங்காகும் என்பதால், நிலத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது வழக்கமாக அதில் மிகச் சிறிய பங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் வானொலி அலைகளை 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்' என்ற வகுப்பில் வைத்தது உண்மை. அந்தக் கவலைக்கு முக்கிய அடிப்படை காதோடு ஒட்டிவைக்கும் தொலைபேசியைப் பற்றிய ஆய்வுகள். கோபுரம் தூரமானால் அந்தத் தொலைபேசி கூடிய சக்தியில் கத்த வேண்டும் என்பதையும் எதிர்ப்பவர்களுக்குச் சொல்லுங்கள். மனம் ஆறவில்லையென்றால், கோபுரம் இயங்கத் தொடங்கியதும் உங்கள் வீட்டு வாசலில் அளந்து காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

ஆகவே கூட்டத்தில் என்ன சொல்வது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் கோபுரத்தை மறுக்கமாட்டேன், துளையைக் கேட்பேன். நான்கு கால்களின் கீழும் நடுவிலும் ஒவ்வொன்று, குறைந்தது 10 மீற்றர் ஆழம். மேலே வந்த கல்லைப் பெட்டியில் வரிசையாக அடுக்கிச் சனசமூக நிலையத்தில் வைக்கட்டும். மீற்றருக்கு எத்தனை சென்ரிமீற்றர் முழுக் கல் வந்திருக்கிறது என்று பிள்ளைகள்கூட அடிமட்டம் வைத்துப் பார்க்கலாம். பொந்து அகப்பட்டால் சீமெந்துப் பாலை ஊற்றி அடைக்கிறோம் என்பார்கள். சுற்றியுள்ள கிணறுகளைச் சோதிக்காமல் அதற்கு ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம். இடி தாங்கியின் நிலத்தொடுப்பு எதிர்ப்பை, அதாவது மின்னலை உள்வாங்க நிலம் எவ்வளவு தடுக்கிறது என்பதை, ஆடி வெயிலில் அளக்கச் சொல்லுங்கள், மாரியில் அளந்தால் எல்லா நிலமும் நல்ல நிலம்தான். இன்னும் இரண்டு நிறுவனங்கள் பின்னால் வந்தால் இதே கோபுரத்தில் ஏறத்தக்கதாக இப்போதே வடிவமைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஒழுங்கையில் அடுத்த கோபுரம் வரும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, பிரதேச சபை ஆகியவற்றின் அனுமதிகளோடு, பலாலி விமான நிலையம் எட்டத்தில் இல்லாதபடியால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் உயர அனுமதியையும் பாருங்கள். குத்தகை உடன்படிக்கையில் நங்கூர ஆணிகளை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்த அறிக்கை காணிக்காரருக்கும் வர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். குத்தகை முடிந்தால் கோபுரத்தைக் கழற்றி, அடித்தளத்தையும் உடைத்து எடுப்பது யார் செலவு என்று இன்னொரு வரி.

பெறாமகனுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். அவர் சேர்க்க நினைத்த காசில் ஒரு துளி போதும், ஐந்து துளைகளையும் நிறுவனத்தைச் சாராத ஒருவரைக் கொண்டு ஊரே போட்டுப் பார்க்கலாம். ஸ்ருட்கார்ட் கோபுரத்தின் மேல் நின்று எடுத்த படம் ஒன்றும் அவரிடம் கேட்டு வாங்குங்கள், எனக்கும் ஒரு பிரதி வேண்டும். அன்று கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஊரைப் பார்க்க மறந்துவிட்டேன்.

துளையிடும் நாள் தெரிந்ததும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி போடுங்கள். கொக்குவில் எனக்குச் சைக்கிள் தூரம்தான், சுத்தியலோடு வருகிறேன்.